ஏழாவது தம்ளர்

கோவில்பட்டி
25.8.2024

அன்பு மகள் உமாதேவிக்கு, பெரியப்பா ஆறுமுகசாமி சொல்லச் சொல்ல எழுதுவது.

தாமிரபரணி பொங்கி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ள ஆள் மூழ்குற தண்ணி நின்ன வருசம் அது. நம்ம பக்கம் உளுந்து மொத்தமும் காட்டிலேயே அழுகிப் போச்சு. உன் அப்பன் பத்திரகாளிக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருந்தோம். பாக்கப் போன வீட்டுல, மழை விடாததால மூணு நாளு தங்கி அவிய வீட்டு அரிசியவே தின்னு தீத்தோம். அந்த வருசந்தான் நம்ம பழைய இரும்புக் கடைக்கு முதல் டிவி வந்தது. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு லாரி. வெள்ளத்துல ஊறிப்போன பெட்டிகளைத் தெருவுல தூக்கிப் போட்டிருந்தாங்க. தண்ணி வடிஞ்ச மறுநாளே கயத்தாறு வழியா ஏத்திக்கிட்டு வந்தேன். பெட்டிக்குள்ள சேறும் நத்தையும் இருந்துச்சு.

"எந்த வருசத்துல இருந்து டிவி வாங்குதீங்க"ன்னு போன்ல உங்க அம்மாகிட்ட கேட்டியாம். எனக்கு நம்பர்ல சொல்ல வராது. வருசத்தைச் சொல்லிட்டேன், நம்பரை நீ போட்டுக்கோ. போன்ல என்கிட்டப் பேசாதே. தகரம் தட்டித் தட்டி ரெண்டு காதும் போச்சு. நீ பேசுறது உள்ளான் குருவி கத்துற மாதிரி கேக்குது. காயிதம் போடு. உங்க அம்மா பக்கத்துல உக்காந்து சத்தமா வாசிச்சா நல்லாக் கேக்கும்.

இங்கன எல்லாரும் சுகம். முட்டு வலி மட்டும் மழைக்கு முன்னாடியே தகவல் சொல்லிருது. அந்தக் குளிர் ஊர்ல உன் மூச்சு இழுப்பு எப்படி இருக்கு? மருந்தைப் பையிலேயே வச்சிருக்கியா?

கைநாட்டு வைக்கும் பெரியப்பா

(வீட்டில் மை இல்லை. மஞ்சளைக் குழைத்து வைத்திருக்கிறார்கள். அழிந்துவிட்டால் கோபப்படாதே. அம்மா.)


ஜெர்மனி
14.9.2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு வணக்கம்.

மஞ்சள் அழியாமல் வந்து சேர்ந்தது. உங்கள் முட்டுக்கு அம்மா எண்ணெய் காய்ச்சித் தருகிறாளா? எனக்கு இழுப்பு முன்னைவிடக் குறைவு. மருந்து பையிலும் இருக்கிறது, மேசையிலும் இருக்கிறது.

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டால் அம்மா "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிடுவாள். அது இல்லை. டிவி, போன், மிக்ஸி என்று உலகத்தில் வருடத்துக்கு எவ்வளவு மின்சாமான் குப்பைக்குப் போகிறது என்று எண்ணுகிறோம். உண்மையில் குப்பையை யாரும் எண்ணுவதில்லை. கடையில் விற்றதை எடுத்துக்கொண்டு, ஒரு வீட்டில் இத்தனை வருடம் இருந்திருக்கும் என்று ஒரு எண்ணை வைத்து ஊகிக்கிறோம். அந்த எண் நம் ஊரில் எடுத்தது இல்லை. வேறு எங்கோ எடுத்ததைக் கரிசல்காட்டுக்கும் போட்டிருக்கிறார்கள்: எட்டு வருடம். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

ஒரு ஊரில் ஒரு கடையின் கணக்கு சரியாகக் கிடைத்தால்கூடப் போதும், பேச ஒரு இடம் கிடைக்கும். உங்களிடம் நோட்டு இல்லை. ஆனால் யார் வீட்டுப் பெட்டி எப்போது வந்தது என்று நீங்கள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். நம் பக்கத்தில் ஒரு டிவி வீட்டில் எத்தனை வருடம் இருக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி பிரிப்பீர்கள்?

உங்கள் பதிலுக்காகத் தபால் பெட்டியைத் தினமும் திறந்து பார்க்கும்
உமா


கோவில்பட்டி
6.10.2024

ஏட்டி உமா, நல்லா இருக்கியா? நாங்க நல்லா இருக்கோம். இழுப்பு குறைஞ்சதைக் கேட்டு உங்க அம்மா வாசிக்கிறதை நிப்பாட்டி ரெண்டு தடவை அதே வரியை வாசிச்சா.

எட்டு வருசம்னு போட்டவன் நம்ம ஊர்ப் பொம்பளைகளைப் பாத்ததில்ல. மணியாச்சிப் பக்கம் உமாராணின்னு ஒருத்தி. நம்ம தெரு செம்புலிங்கம் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு எதிர்வீடு. அவ கல்யாணச் சீருக்கு அண்ணன்காரன் வாங்கிக்கொடுத்த டிவி ஆறு வருசத்துல படம் நின்னு போச்சு. எடைக்குப் போடுன்னு நான் கேக்காத வருசம் இல்ல. "அண்ணன் இருக்கையில சீர்ச் சாமானைத் தராசுல ஏத்த முடியுமா, அண்ணாச்சி? நாளைக்கு அவன் வந்து எங்கட்டின்னு கேட்டா நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்"னுட்டா. அதுக்கு மேல துணி விரிச்சு சாமி படம் வச்சிருந்தா. அண்ணன் தவறி, வருசத் தெவசமும் முடிஞ்ச பிறகு அவளே ஆள் அனுப்பி எடுத்துட்டுப் போகச் சொன்னா. கூட்டிப் பாத்தா இருபத்திரெண்டு வருசம். சீர் டிவி எல்லாம் இப்படித்தான். கொடுத்தவனுக்கு எத்தனை ஆயுசோ, பெட்டிக்கும் அத்தனை.

கவர்மெண்டு சும்மா கொடுத்த டிவி வேற. அதைக் கொடுக்க ஆரம்பிச்ச ரெண்டாம் வருசமே எங்கிட்ட வந்திருச்சு. ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரே ஊர்ல பதினாலு. அட்டைப்பெட்டி கூடப் பிரிக்காதது மூணு. அதெல்லாம் கடையில வித்த கணக்குல வருமா? வராதுன்னுதான் நினைக்கேன். பாத்துக்கோ.

ஒரு நாளைக்கு எத்தனைன்னா, கண்மாய்க்கரைக் கொட்டகையில வேலை நடக்கும்போது காலைக் காப்பியைத்தான் கணக்கு வைப்பேன். ஏழு தம்ளர் கருப்பட்டிக் காப்பி வரும். காப்பி சூடு ஆறுறதுக்குள்ள ஆளுக்கு ஒரு பெட்டி பிரிச்சு, பிச்சர் டியூப் கழுத்துல இருக்குற செம்புக் காயிலைத் தனியா எடுத்திருவாங்க. ஏழு தம்ளர், ஏழு பெட்டி. மத்தியானத்துக்குள்ள நாலு சுத்து. பிறகு செம்புக்காக வயரை எரிக்கிற வேலை.

இத்தனை வருசத்துல இதை ஒருத்தரும் எங்கிட்டக் கேட்டதில்ல. நீ கேட்டியே, அது போதும் எனக்கு.

முட்டுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டே சொல்லும் பெரியப்பா


ஜெர்மனி
3.11.2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

உமாராணி அக்காவின் டிவியை எங்கள் கூட்டத்தில் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு கேரளத்துக்காரர் ஒருவர், தன் அம்மா வீட்டு ஃபிரிட்ஜில் பத்து வருடமாகப் புடவைதான் இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. செத்த பெட்டி வீட்டிலேயே இருக்கும் வருடங்களைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று கேள்வித்தாளில் சேர்த்துவிட்டார்கள். அது உங்கள் வேலை, பெரியப்பா.

அடுத்தது. எங்கள் அட்டவணையில் 'கையால் பிரித்தவர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆண் எத்தனை, பெண் எத்தனை, இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். நம் பக்கத்துக்கு அந்தக் கட்டத்தில் எண் இல்லை, ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறது. யாருக்கும் தெரியாது என்று அர்த்தம். ஏழெட்டுப் பேர் உலகக் கணக்கில் ஒன்றுமே இல்லைதான். ஆனால் முதல் எண்ணை யாராவது போடும்வரை அது கோடாகவே இருக்கும்.

கொட்டகையில் வேலை பார்த்தவர்கள் யார் யார்? ஏப்ரல் கடைசியில் அட்டவணையை மூடுகிறார்கள். அதற்குள் போதும்.

அம்மாவுக்கு: உன் கையெழுத்து இன்னும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்து மாதிரியே இருக்கிறது. பார்க்க ஆசையாக இருக்கிறது.

உமா


கோவில்பட்டி
8.12.2024

அன்புள்ள உமாவுக்கு,

நீயும் சுகம், நாங்களும் சுகம்.

கொட்டகையில் வேலை பார்த்தது ஆறு பேர். சங்கிலி, காளீஸ்வரன், உன் அப்பா பத்திரகாளி, சோலை, பாண்டிராஜ், சுடலைமுத்து. ஆறு பேரும் ஆண்கள். ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. குளிரில் வெளியே போகாதே.

பெரியப்பா


ஜெர்மனி
5.1.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உடம்புக்கு என்ன? உங்கள் கடிதம் இதுவரை இவ்வளவு சின்னதாக வந்ததில்லை. காளீஸ்வரன் மாமா செத்த வருடம் எது, அன்றைக்கு மழையா வெயிலா என்று சொல்லாமல் நீங்கள் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஒன்று இடிக்கிறது. அக்டோபர் கடிதத்தில் ஏழு தம்ளர், ஏழு பெட்டி என்று சொல்லியிருக்கிறீர்கள். டிசம்பரில் ஆறு பேர். ஏழாவது தம்ளர் உங்களுடையதாக இருக்காது. நீங்கள் காப்பி குடிக்க மாட்டீர்கள், வயிற்றுக்கு ஆகாது.

இதை இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் நான் இப்போது 'பெண்: 0' என்று எழுத வேண்டும். அந்தக் கோட்டைவிடப் பூஜ்யம் மோசம், பெரியப்பா. கோடு என்றால் தெரியாது. பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தோம், யாரும் இல்லை.

ஏழாவது ஆள் யார்?

உமா


கோவில்பட்டி
9.2.2025

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நலம். நீ நலமா? நெஞ்சில் சளி இருந்தால் வெந்நீர் குடி. பெரியப்பாவுக்கு லேசாகக் காய்ச்சல், இப்போது தேவலை.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஆறுதான் என்று சொல்லிவிட்டார்கள். கூட ஒரு தம்ளர், வருகிறவர் போகிறவருக்காக இருந்திருக்கும். அதையெல்லாம் கிண்ட வேண்டாம். ஆறு என்றே போட்டுவிடு. படித்த பிள்ளை நீ, இந்தக் குப்பையிலேயே நிற்காமல் வேறு வேலை இருந்தால் பார்.

பங்குனியில் கயத்தாறில் உன் மாமா பேத்திக்குக் காதுகுத்து. ஒரு வாரம் போய்வருவேன். பெரியப்பாவுக்குச் சாப்பாடு எதிர்வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

அம்மா


ஜெர்மனி
2.3.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

காய்ச்சல் விட்டதா? கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

அம்மா எழுதியிருந்தாள். ஏழாவது தம்ளர் யாருக்கோ வைத்தது, கொட்டகையில் ஆறு பேர்தான் என்று நீங்கள் சொன்னதாக. அப்படியே போட்டுவிட்டேன். ஆண் ஆறு, பெண் பூஜ்யம். ஏப்ரல் கடைசிவரை மாற்ற இடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஒரு பெட்டியின் வருடம்கூட நீங்கள் தப்பாகச் சொன்னதில்லை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு நன்றி என்று எழுதினால் அம்மா அதை வாசிக்கும்போது உங்களுக்கு வெட்கமாக இருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன்.

உமா


கோவில்பட்டி
19.3.2025

உமா, இதை எழுதுறது உங்க அம்மா இல்ல. அவ காதுகுத்துக்குக் கயத்தாறு போயிருக்கா. தபால் கொண்டுவார மாரிச்செல்விதான் உன் காயிதத்தை வாசிச்சுச் சொல்லுச்சு. மோரு குடிச்சிட்டு, இதையும் அதுவே எழுதுது. ("தாத்தா, மெதுவாச் சொல்லுங்க, எனக்கு இன்னும் ரெண்டு தெரு இருக்கு"ன்னு சொல்லுது. அதையும் எழுதச் சொன்னேன்.)

நான் ஆறுன்னு சொல்லல. ஏழு சொன்னேன். மார்கழி பிறக்கப் போற சமயம், இதே இடத்துல உக்காந்து ஆறு பேர் பேரையும் சொன்னேன், ஒவ்வொருத்தனும் எந்த வருசம் போனான்னும் சொன்னேன். கடைசியில "உமா அம்மா"ன்னு சொன்னேன். பேனா ஓடுற சத்தம் எனக்குக் கேக்காது. கை அசையுறதை மட்டும் பாத்துக்கிட்டிருந்தேன். கை அசைஞ்சுது. எழுதிட்டான்னு நினைச்சேன். நீ ஏழாவது தம்ளரைக் கேட்டு எழுதினதையும் எனக்கு வாசிக்கல. எழுத்துத் தெரியாதவனுக்கு இதுதான் கதி.

கோவம் வரும்னு பாத்தேன், வரல. இருபத்தி நாலு வருசமா என் காயிதம், ரேசன் கார்டு மனு, கரண்டு ஆபீஸ் மனு எல்லாம் அந்தக் கை எழுதினதுதான். எனக்காக ஒரு தடவையும் ஒண்ணைக் கூட்டியோ குறைச்சோ எழுதினதில்ல. இதுல தன்னை மட்டும் குறைச்சிருக்கு.

அவ தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனான்னுதானே உனக்குச் சொல்லியிருக்கோம்? இல்ல. வெள்ளத்துக்கு மறுவருசம் இந்த வீட்டுக்கு வந்தா. ஆறே மாசத்துல கொட்டகைக்கு வந்தா. பிச்சர் டியூப் உடையாமக் காயிலை உருவுறதுல அவளுக்குப் பக்கத்துல வர ஆள் கிடையாது. மத்தவங்க உடைச்சுக் கையைக் கிழிச்சுக்குவாங்க. வயர் எரிக்கிற இடத்துல, நீ வயித்துல இருக்கும்போது ஏழாம் மாசம் வளையல் போடுற வரைக்கும் நின்னா. வேண்டாம்மான்னு சொன்னேன். ஆனா பலமாச் சொல்லல. அவ கை இல்லாட்டி வேலை ஓடாது. அதை இன்னைக்கும் நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

நீ பிறந்ததும் மூச்சு இழுத்துச்சு. அன்னையில இருந்து அந்தக் கொட்டகைப் பேச்சை அவ எடுத்ததில்ல. ஏன்னு உனக்குச் சொல்ல வேண்டாம்.

அவ பேரை மாரிச்செல்வி கையால எழுத வச்சா அது சரியில்ல. எழுத வேண்டிய ஆள் எழுதட்டும். நீ கணக்கை மூடாதே. அவளுக்கு ஒரு காயிதம் போடு. எனக்கு வேண்டாம், அவளுக்கு.

இந்தத் தடவை கடையில மை கிடைச்சுது, கைநாட்டு நல்லா விழுந்திருக்கும். பெரியப்பா


ஜெர்மனி
4.4.2025

அம்மா,

நலம். நீ எப்படி இருக்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கேட்டால் அடுப்பில் பால் பொங்குது என்று எழுந்து போய்விடுவாய். அதனால்தான் கடிதம்.

போன மாசி மாதம் இங்கே டாக்டர் கேட்டார், சின்ன வயதில், அல்லது அதற்கும் முன்னால், வீட்டுப் பக்கம் புகை இருந்ததா என்று. தெரியாது என்று சொன்னேன். அவர் தாளில் ஒரு கோடு போட்டார். எங்கள் அட்டவணையில் போடுகிற அதே கோடு. இப்போது எனக்குத் தெரியும். போய்ச் சொல்லிவிட்டேன். எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் தெரிந்தது நல்லது என்று மருந்தை மாற்றிக் கொடுத்தார். மூன்று நாளாக மாடிப்படியில் நிற்காமல் ஏறுகிறேன்.

நான் உன்னைத் திட்டுவேன் என்று பயந்தாயா? நீ காயில் உருவிய கையால்தான் எனக்குச் சிலேட்டு வாங்கித் தந்தாய். இங்கே பெரிய பெரிய ஆட்கள் வந்து டியூப் உடையாமல் எப்படிப் பிரிப்பது என்று படம் போட்டுப் பேசுகிறார்கள். எங்கள் அம்மாவுக்குத் தெரியும் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது.

உன் விருப்பம் இல்லாமல் போடமாட்டேன். உன் பெயர் அட்டவணையில் வராது, எண் மட்டும்தான் வரும். ஆனால் அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கும்போதெல்லாம் நீ அங்கே நின்றுகொண்டே இருக்கிற மாதிரி இருக்கிறது.

இருபத்தெட்டாம் தேதி மூடுகிறார்கள். பதில் எழுதியதும் போட்டோ எடுத்துப் போனில் அனுப்பு. தபாலில் பிறகு வரட்டும்.

உன் மகள்


கோவில்பட்டி
22.4.2025

உமாவுக்கு, பெரியப்பா சொல்ல, உங்க அம்மா எழுதுறது.

நீ மாடிப்படி ஏறுறது தெரிஞ்சு ரெம்பச் சந்தோசம். இங்கன சித்திரை வெயில் கரிசலைப் பாளம் பாளமா வெடிக்க வச்சிருக்கு. நாங்க சுகம்.

உன் காயிதத்தை உங்க அம்மா எனக்கு வாசிக்கல, தானே வாசிச்சுக்கிட்டா. மூணு நாளு அரிசிப் பானைக்கு அடியில வச்சிருந்தா. ஒரு நாளு குழம்புல உப்பே இல்ல, மறுநாளு ரெண்டு நாளைக்கு உள்ள உப்பு. ரெண்டையும் தின்னுட்டேன். இன்னைக்குக் காலையில பேனாவோட வந்து உக்காந்தா.

"சொல்லுங்க"ன்னா.

"எதை?"

"அந்தப் பேரை எல்லாம். முதல்ல இருந்து."

"டிசம்பர்லயே சொல்லியாச்சே. நீதான் எழுதலையே."

"இப்ப எழுதுதேன். சும்மா குத்தாம சொல்லுங்க."

சொல்லுதேன், எழுதிக்கோ.

சங்கிலி. ஓட்டப்பிடாரத்துக்காரன். ரேடியோவைப் பிரிக்க எனக்குக் கத்துக்கொடுத்தவன். அவன் இல்லைன்னா நான் தகரத்தோட நின்னிருப்பேன். சுனாமி வந்த வருசம் போனான்.

உன் அப்பன் பத்திரகாளி. சங்கிலிக்கு முன்னாடியே போயிட்டான். நீ ஒண்ணாங் கிளாஸ், சிலேட்டோட வாசல்ல நின்ன. ஒரு வருச இருமல். இருமிக்கிட்டே தராசு பிடிச்சான், ஒரு நாளும் முள்ளு சாயல.

காளீஸ்வரன். சும்மா டிவி கொடுக்க ஆரம்பிச்ச வருசம். அவனுக்கும் ஒண்ணு வந்துச்சு. அவன் பாக்கல. நல்ல வெயில் அன்னைக்கு.

சோலை. ஆயிரம் ரூவாத்தாள் செல்லாதுன்னாங்களே, அந்தக் கார்த்திகையில. எரிக்கையில காத்து எந்தப் பக்கம் திரும்பும்னு அவன்தான் சொல்லுவான். எத்தனையோ நாளு எங்களைப் புகையில இருந்து தள்ளி நிக்க வச்சான்.

பாண்டிராஜ். கொரோனா. தூக்க நாலு ஆளு வரல. நானும் சுடலைமுத்துவும் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனோம்.

சுடலைமுத்து. போனதுக்கு முந்தின மார்கழிப் பெருமழைக்கு. கொட்டகை இருந்த இடத்துல தண்ணி நின்னுச்சு, அதைப் பாத்துட்டு வந்து படுத்தான்.

ஆறு பேரும் ஆண். ஆறு பேருக்கும் நான் கடமைப்பட்டவன். எனக்கு அவியளாலதான் சோறு. ஒரு நாளும் ஒருத்தனும் என்னைக் கேள்வி கேட்டதில்ல.

இப்ப பேனா நிக்குது. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், உமா.

தம்பி பெண்டாட்டி பேரை மூத்தவன் வாயால சொல்லக்கூடாதுன்னு எங்க வீட்டு வழக்கம். முப்பத்திரெண்டு வருசமா நான் சொன்னதில்ல. முதல்ல "ஏம்மா"ன்னு கூப்பிட்டேன், பிறகு "உமா அம்மா". தம்பி இருந்த வரைக்கும் அவளும் நேரா நின்னு என்கூடப் பேசினது கிடையாது. தம்பி போன பிறகு பொறந்த வீட்டுக்குப் போயிருக்கலாம், அவிய அண்ணன்மாரு வண்டி கட்டிக்கிட்டு வந்தாங்க. "பெரியவருக்கு எழுத்துத் தெரியாது, யாரு பாத்துக்கிடுவா"ன்னு சொல்லித் திருப்பி அனுப்பினா. அதை எங்கிட்ட அவ சொல்லல. வண்டிக்காரன் சொன்னான்.

கேட்டுக்கிட்டு இருக்கா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு எழுதுதா. நான் சொல்லுறதை எல்லாம் எழுதுதியா? எழுதுதேன்னு சொல்லுதா.

கணக்குல எண்ணு மட்டுந்தான் வரும்னு சொன்னியாம். சரி. ஆனா இந்தக் காயிதத்துல பேரு வரணும். வழக்கத்தை இன்னைக்கு ஒரு நாளு நான் மீறுதேன், தம்பி கோவிக்க மாட்டான்.

ஏழாவது ஆள். பெண். டியூப் ஒண்ணுகூட உடைக்காதவ. ஏழு பேர்ல இப்ப உயிரோட இருக்குறது இவ மட்டுந்தான், எனக்கு எதிர்த்தாப்புல உக்காந்திருக்கா.

எழுதும்மா.

செண்பகவல்லி.